முதுகுப் பக்கத்து ஜிப்

எங்கள் சித்தியைத் தெருவில் எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். துணி தைப்பதால் பாதி, வாயால் குத்துவதால் பாதி. முன்னறையில் தையல் மெஷினை ஜன்னலோரம் போட்டிருப்பாள். யாராவது அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்கினால், "மூச்சை விடுங்க, சட்டையை மூச்சு விட்டுட்டுதானே போடப்போறீங்க?" என்பாள். எதற்கும் பதில் வைத்திருப்பவள். கொஞ்ச நாளாக அவளிடம் ஒரே ஒரு விஷயத்துக்குப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் என்னிடமும் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு குழு இருக்கிறது. பின்வரிசை வீட்டில் ஒரு முதியவர், தான் பெற்ற பிள்ளையின் வீட்டிலேயே பட்டினி கிடந்தது வெகுநாள் கழித்துத்தான் தெரியவந்தது. அதன்பிறகு ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் தலைவர். மளிகைக்கடைக்காரர், சித்தி, இன்னும் சிலர் உறுப்பினர்கள். வயதானவர்களும் பிறர் துணையில்லாமல் வாழ முடியாதவர்களும் இருக்கிற வீடுகளுக்குச் சும்மா போவதுபோல் போய்ப் பேசிவிட்டு வருவார்கள். அடித்தால்தான் கொடுமை என்று நினைக்காதீர்கள், பூட்டிவைப்பதும் கட்டிப்போடுவதும் கொடுமைதான் என்று நர்ஸம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். சித்திக்கு அது மனப்பாடம்.

ஒரு நாள் கண்டக்டரின் மருமகள் துணியோடு வந்தாள். கண்டக்டர் என்றால், எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மருமகள் ஒரு மருந்துக்கடையில் கல்லாவில் இருக்கிறாள்.

"அக்கா, மாமாவுக்கு ஒரு உடுப்பு தைக்கணும். மேலயும் கீழயும் ஒண்ணா இருக்கணும். ஜிப் முதுகுல வரணும்."

"முதுகுலயா? அவர் எப்படிம்மா போட்டுப்பாரு?"

"நான் போட்டுவிடுவேன். அவரால கழட்ட முடியாம இருக்கணும், அவ்வளவுதான்."

கண்டக்டருக்கு நினைவு தப்ப ஆரம்பித்து வெகுநாளாகிறது. திடீரென்று உடம்பில் இருப்பதையெல்லாம் அவிழ்த்துப் போட்டுவிட்டு வாசலில் போய் நின்றுவிடுவார். எதிர்வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள். வீட்டுக்காரர் எச்சரித்துவிட்டார், இன்னொரு புகார் வந்தால் காலி செய்ய வேண்டியதுதான். கண்டக்டரின் மகனுக்கு வெளியூரில் வேலை. எல்லாம் அந்தப் பெண் தலையில்.

சித்தி டேப்போடு அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

"கையைத் தூக்குங்க ஐயா."

"ரெண்டு கையையும் தூக்கினா கம்பியை யாரு பிடிக்கிறது? வண்டி திரும்புது பாரு."

"நான் பிடிச்சுக்கறேன், நீங்க தூக்குங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க. அப்புறம் மேல வந்து விழுவாங்க."

சித்தி சிரித்துக்கொண்டே மார்பளவு எடுத்தாள். பாதியில் அவர், "இரும்மா, வந்துடறேன்" என்று உள்ளே போனார். கதவு சாத்தும் சத்தம், தண்ணீர் கொட்டும் சத்தம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து, விட்ட இடத்தில் மறுபடி நின்றார்.

சித்தி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மருமகளிடம் திரும்பினாள்.

"பாத்ரூமுக்கு இவரேதான் போறாரா?"

"அது ஒண்ணு மட்டும் இன்னும் மறக்கலக்கா."

"மத்தியானம் வீட்ல யாரு இருப்பா?"

"யாரும் இல்லக்கா. டயப்பர் கட்டிட்டுப் போவேன்" என்றாள் மருமகள்.

"தானா போறவரைப் போகவிடாம பண்ணணுமா?"

"வீடு போயி நடுத்தெருவுல நின்னா எந்த பாத்ரூமுக்குக்கா போவாரு?"

அவள் முழங்கைக்குக் கீழே நகம் பதிந்த தடங்கள் இருந்தன. துணி மாற்றும்போது அவர் பிடித்துக்கொள்வாராம். யார் யாரைப் பாடாய்ப் படுத்துகிறார்கள் என்று சித்திக்குக் குழம்பிப்போனது.

இப்படி ஒரு உடுப்பு தைத்துக் கொடுக்கலாமா என்று குழுவில் பேர் சொல்லாமல் கேட்டாள். "இது கட்டிப்போடற மாதிரிதான்" என்றார் நர்ஸம்மா. "துணி போட்டுவிடறது கொடுமைன்னா, நாம எல்லாருமே காலைல இருந்து கொடுமையிலதான் இருக்கோம்" என்றார் மளிகைக்கடைக்காரர். சிலர் சிரித்தார்கள், சிலர் அவரை முறைத்தார்கள். பேர் சொல்லாவிட்டாலும் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த நாளே நர்ஸம்மா போய் விசாரிக்க, சாயங்காலம் மருமகள் சித்தியிடம் வந்து நின்றாள். கையில் கடையில் வாங்கிய ஆயத்த உடுப்பு. முதுகில் ஜிப்.

"தையல்காரின்னு நம்பி வந்தேன். நீங்க கமிட்டியாட்டம் நடந்துக்கிட்டீங்க. அவ்வளவு அக்கறைன்னா மத்தியானம் நீங்களே வந்து உக்காருங்க!"

கோபத்தில்தான் சொன்னாள். சித்தியோ, "சாவியைக் குடு" என்றாள்.

அன்றிலிருந்து மத்தியானங்களில் பட்டன் வேலை, கொக்கி வேலையையெல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு கண்டக்டர் வீட்டுக்குப் போகிறாள். டயப்பர் தேவைப்படவில்லை. அவர் எழுந்தால் ஜிப்பை இறக்கிவிடுவாள். மீதியை அவர் பார்த்துக்கொள்வார். வந்ததும் ஏற்றிவிடுவாள். வீட்டுக்கு வந்து எங்களிடம் கேட்பாள்: "இறக்கிவிடறதும் நான்தான், ஏத்திப் பூட்டறதும் நான்தான். நான் தடுக்கறேனா, துணை போறேனா?" அம்மா, "போய்ச் சாப்பிடு" என்பாள். வேறென்ன சொல்வது?

போன வாரம் ஜிப் துணியில் மாட்டிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கண்டக்டர் காலை மாற்றி மாற்றி நின்றார். "ஏம்மா, சீக்கிரம்" என்றார். குரலில் வேடிக்கையே இல்லை. சித்தி கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பிறகு பீரோவிலிருந்து பழைய சட்டையையும் பேண்டையும் எடுத்துக் கொடுத்தாள். பட்டனை அவரே போட்டுக்கொண்டார், ஓட்டை மாறி மாறி.

மருமகள் வந்தபோது கிழிந்த உடுப்பு சித்தியின் மடியில் இருந்தது.

"வேற ஜிப் வச்சுத் தரேம்மா."

"எந்தப் பக்கம்?"

"நீயே சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். முதுகுன்னா கமிட்டி வரும், முன்னாடின்னா வீட்டுக்காரர் வருவாரு. நீங்களே சொல்லுங்க."

சித்தி கண்டக்டரைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். கோணல் மாணலாகப் பட்டன் போட்ட சட்டையோடு அவர் நாற்காலியில் தூங்கிப்போயிருந்தார்.

"இன்னைக்கு மட்டும் இந்தச் சட்டையே இருக்கட்டும்" என்றாள்.

உடுப்பு எங்கள் மெஷின்மேல் கிடக்கிறது. முன்பக்கம் குண்டூசி குத்துகிறாள், எடுக்கிறாள், பின்பக்கம் குத்துகிறாள். அதே "இன்னைக்கு மட்டும்"தான் நேற்றும் சொன்னாள். இப்போதும் அதைச் சொல்லத்தான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள்.