ஜனவரியில் சுழன்ற ஃபேன்

டெல்லிக் குளிரை என் அம்மா ஜெயித்த கதையை இன்றைக்கும் நான் மார்தட்டித்தான் சொல்வேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். ஜனவரிப் பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியாது. அந்தக் குளிரில் அம்மா காலைச் சமையலுக்கு நடுவே திடீரென்று ஸ்வெட்டரைக் கழற்றி எறிவாள், ஃபேனை ஐந்தில் வைப்பாள். ரஜாய்க்குள்ளிருந்து அப்பா அலறுவார்.

"நான் உசிரோட இருக்கணுமா வேண்டாமா?"

"இன்னொரு ரஜாய் போத்திக்கோங்கோ!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கீழ்வீட்டுப் பிங்கி, தன் பட்டாளத்து மாமா பனிமலையில் காவல் நின்றதைப் பீற்றிக்கொண்டபோது, "எங்கம்மாவுக்குக் குளிரே தெரியாது" என்று சொல்லிவிட்டேன். பந்தயம் வந்துவிட்டது. தோற்றவள் பார்க்கில் எல்லார் முன்னாலும் பத்துத் தோப்புக்கரணம் போட வேண்டும். அன்று மாலையே நான்கு பேரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு பிங்கி மாடியேறினாள்.

கதவைத் திறந்த அம்மாவின் தலையில் குரங்குக் குல்லாய், மேலே இரண்டு சால்வை. பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.

"ஜூட்டி!" என்று கத்தினாள் பிங்கி. புளுகியாம் நான்! எனக்கு அழுகை முட்டியது.

"யாருடி புளுகி? எல்லாரும் உள்ள வாங்கோ, அந்தர் ஆவோ" என்று அம்மா பால் ஆற்றத் தொடங்கினாள். பாதியில் கை நின்றது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி முகமெல்லாம் பரவியது, நெற்றி வியர்த்தது. சால்வைகள் சோபாவில் விழுந்தன, குல்லாய் பறந்தது, ஃபேன் சுழன்றது. பால்கனிக் கதவை விரியத் திறந்து பனிக்காற்றில் போய் நின்றாள்.

"பாப்ரே!" என்று நடுங்கினாள் பிங்கி. நான் கைதட்டினேன். அம்மா கம்பியைப் பிடித்தபடி திரும்பாமலே நின்றாள்.

இன்று கல்லூரியில் மூளையைப் படிக்கிறேன். பாதாம்பருப்பு அளவுள்ள ஹைபோதலாமஸிலிருந்துதான் சினைப்பைக்கான உத்தரவுகள் கிளம்புகின்றன. மாதவிடாய் நிற்கும் வயதில் சினைப்பையின் பதில் குறைகிறது. மூளையோ விடாமல் இன்னும் உரக்கக் கூப்பிடுகிறது. அந்தக் கூச்சலில், பக்கத்திலேயே உடம்பின் சூட்டைக் கவனிக்கும் இடமும் குழம்பி, ஜனவரியை மே மாதம் என்று நினைத்துக்கொள்கிறது.

போன மாதம் இதை அம்மாவிடம் படம் போட்டு விளக்கினேன். படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? நான் ஏதோ பெரிய வியாதின்னு பயந்துண்டிருந்தேன்டி. அப்பாகிட்டகூடச் சொல்லலை."

அந்தப் பயத்தோடுதான் அன்று ஐந்து பிள்ளைகளுக்குப் பால் ஆற்றினாள். என் மானத்தையும் காப்பாற்றினாள். மறுநாள் பார்க்கில் பிங்கியின் தோப்புக்கரணத்தை ஊருக்கே கேட்கும்படி எண்ணினேன். ஜெயித்த அம்மா பால்கனியில் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்று மட்டும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.