கிராஃபைட் பானையும் சரோஜாவும்

பித்தளை உருக்குகிறவன் அடுப்புக்குப் பயப்படுவதைவிட வீட்டுக்குத்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டும். உலைக்களத்தில் வெந்தவர்களுக்கு இது தெரியும். என் மனைவி சரோஜாவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் ஊரான ஆயர் ஈத்தாமில், வீட்டு கேட்டருகே, காலையில் வேலைக்குக் கிளம்பும்போது. "பானைய நல்லா காய வச்சீங்களா?" என்று கேட்டாள். "வச்சாச்சு" என்றேன். அந்தக் கேள்விக்கு ஒரு கதை உண்டு.

ஈரம்

எங்கள் பட்டறையில் பித்தளையைக் கிராஃபைட் பானையில்தான் உருக்குவோம். பானையை அடுப்போரம் வைத்து, மெதுவாக ஈரம் போக்கிய பிறகே உள்ளே இறக்க வேண்டும். ஒரு மழைக்காலத்தில், அவசர ஆர்டர் என்று, கூட்டாளி சேகர் நனைந்த பானையை நேரே இறக்கிவிட்டான். உள்ளிருந்த ஈரம் ஆவியாகி, பட்டென்று பானை பிளந்தது. நல்லவேளை, பித்தளை இன்னும் போடவில்லை. சேகர் சுவரோடு ஒட்டிக்கொண்டு சொன்னான்: "அலமாக், ஐயையோ, குளிச்சிட்டு வந்த பானைலா அண்ணே, சூடு தாங்கல!"

டிவி

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அந்த வாரமே டிவியில் ஓர் அணு உலை விபத்தைக் காட்டி, உள்ளே இருந்த கிராஃபைட் எரிந்தது என்றார்கள். "நீங்க கட்டிப்பிடிக்கிற அதே சாமான்தானே? வேலைய விடுங்க" என்றாள் சரோஜா.

நான் தேடிப் படித்ததைச் சொன்னேன். கிராஃபைட் சாதாரணமாக உருகாது, கரி மாதிரி லேசில் பற்றவும் செய்யாது. நன்றாகச் சிவந்த பிறகு காற்றுப் பட்டால், கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகிப் போகும். அந்த உலையில் மூடி பிய்ந்து காற்று புகுந்தது. எரிபொருளின் சூடும் தணியவில்லை. நம் பானையில் காற்றுப் படுகிற வாய் மட்டும்தான் தேயும் என்றேன். "அப்ப தேயுதுன்னு ஒத்துக்கிறீங்கல்ல?"

வெள்ளிக்கிழமை

வாய் தேய்ந்ததால் கழித்துப் போட்ட ஒரு சின்னப் பானையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சரோஜா முதலில் அதை வாசலிலேயே வைத்தாள். பிறகு அதில் கரி போட்டு வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி காட்டினாள். ஒவ்வொரு முறையும் கரி சாம்பலாகும், பானை அப்படியே இருக்கும். சில மாதம் பார்த்துவிட்டு, ஒரு நாள் என் சாப்பாட்டுப் பையை நீட்டினாள். "சரி, போங்க. ஆனா ஈரப் பானைய மட்டும் தொடாதீங்க."

அதிலிருந்து தினமும் காலையில் கேட்டருகே அந்தக் கேள்விதான். கடைசியாக அவள் அதைக் கேட்ட அன்று பட்டறையில் ஒன்றும் வெடிக்கவில்லை, மதியம் வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளுக்குத்தான் மாரடைப்பு வந்தது. சாம்பிராணிப் பானையின் அடி இன்னும் கெட்டியாக இருக்கிறது.