அம்மா எழுதச் சொன்ன விதி

அம்மா பெயர் புஷ்பலதா. ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் இணையதளத்தைப் பதினோரு ஆண்டுகள் கவனித்தாள். ஆகஸ்டில் இறந்தாள். மூளையில் கட்டி.

தளத்தில் ஒவ்வொரு சேலைக்கும் தனிப் பக்கம். அதன் நிறத்தையும் அமைப்பையும் தீர்மானிக்க ஒரு சிஎஸ்எஸ் கோப்பு. சேலைக் கட்டில் ஒட்டும் சீட்டின் வரிசையிலேயே அம்மா கோப்புக்கும் பெயர் வைப்பாள்: தறி இருக்கும் ஊர், உடல் நிறம், கரை நிறம். தேசூர்-அரக்கு-பச்சை. எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில், நடுவில் சிறு கோடு.

படம் எடுக்கும் ராஜ்குமார் 'புதுசு', 'புதுசு கடைசி', 'நெஜமாவே கடைசி' என்று வைப்பான். ஒரு தீபாவளிக்கு அவன் பெரிய எழுத்தில் வைத்த பெயர் கடைக் கணினியில் வேலை செய்தது, சர்வரில் செய்யவில்லை. விற்பனை நேரத்தில் பக்கம் நிறமிழந்து நின்றது.

அம்மா சென்னையில் இருந்த எனக்கு போன் செய்தாள். "காவ்யா, நான் சொன்னா மூஞ்ச தூக்கினு போறான். மெஷினே சொல்ற மாரி எதனா பண்ணு."

கோப்புகளைச் சோதிக்கும் லிண்டர் என்ற நிரலில் இதற்கென ஒரு விதியைப் பிளகினாகச் சேர்த்தேன். பெயர் அந்த வடிவத்தில் இல்லையென்றால் சிவப்பு வரி வரும், கோப்பு தளத்தில் ஏறாது, எனக்கு மின்னஞ்சல் வரும். மூன்று ஆண்டுகள் சிவப்பு முழுக்க ராஜ்குமாருக்கே.

மார்ச் பதினொன்று, காலை 10.42. முதல்முறையாக அம்மாவுக்கு. உடல் நிறத்தை விட்டிருந்தாள்.

"போலீஸே ஹெல்மெட் இல்லாம மாட்டிகிச்சு, அக்கா!" என்றான் ராஜ்குமார் போனில். அம்மாவும் சிரித்தாளாம்.

அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் ஒன்பது. கல்யாண சீசன், வேலை அதிகம் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் கூப்பிட்டாள். "எல்லார் எதிர்லயும் என்ன திட்டிகினே கீது. பேஜாரா கீதுமா. அத்த வாய மூடச் சொல்லு."

"நீ சொல்லித்தானம்மா வெச்சேன்."

"நானா?"

நான் அவசரத்தில் இருந்தேன். விதியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். 'பிழை' என்பது 'எச்சரிக்கை' ஆனது. சிவப்பு மஞ்சளானது. மின்னஞ்சல் நின்றது. மஞ்சள் வரிகளை யாரும் படிப்பதில்லை.

ஜூலையில் கடையில் விழுந்தாள். வேலூரில் டாக்டர், "எப்பத்திலிருந்து இப்படி?" என்று கேட்டார்.

"ஒரு வாரமா மறதிங்க சார்," என்றான் ராஜ்குமார்.

மடிக்கணினியில் பதிவுகளைத் திறந்தேன். நானூறுக்கு மேல் மஞ்சள் வரிகள். "மார்ச் பதினொன்றிலிருந்து," என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அப்போதே வந்திருந்தால் என்று கேட்டேன். பேனாவை மூடினார்.

காரியம் முடிந்ததும் விதியை மீண்டும் பிழையாக்கினேன். ராஜ்குமார் சீட்டுகளைப் படிக்கப் படிக்க, சிவப்பில் நின்ற கோப்புகளுக்கெல்லாம் பெயர் மாற்றினேன். கடைசியில் சிவப்பு ஒன்றும் இல்லை. ஒருமுறை பட்டியலை மேலிருந்து படித்தேன்.

போளூர்-போளூர்-போளூர்.

மூன்று சொல், இரண்டு கோடு. விதிப்படி சரி. ஒருநாளும் அது சிவப்பாகியிருக்காது.

கோப்பின் தேதி ஜனவரி பதினாறு. பொங்கல் விடுமுறையில் நான் வீட்டில் இருந்தேன். அம்மா அதைத் தட்டச்சு செய்தபோது எதிரே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.