பக்கத்து இலை

மத்தியானத்தில் எங்கள் வீட்டில் முதலில் குழம்பு வாசனை வரும். அதன் பின்னாலேயே உள்ளறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். அப்பா சாப்பிடப் போய்விட்டார் என்று அர்த்தம். அம்மா சோற்றையும் தண்ணீர்ச் சொம்பையும் முன்னதாகவே உள்ளே வைத்துவிட்டு வந்திருப்பாள். வெகுநேரம் கழித்துக் கதவு திறக்கும்போது, தரையில் சிந்திய பருக்கைகளை அவரே ஈரத்துணியால் துடைத்து முடித்திருப்பார். எங்கள் வீட்டில் இருந்தது மூன்றே பேர். மூன்று பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டோம்.

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடலோரப் பகுதியில், திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருந்தது எங்கள் ஊர். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அடித்த புயலில், மாடுகளை அவிழ்த்துவிடக் கொட்டகைக்குள் போன அப்பாவின் மேல் சுவர் சரிந்து, வலது கை உத்திரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. விடிந்த பிறகு ஆட்கள் வந்து தூக்கியபோது அவருக்கு உயிர் இருந்தது, கையில் இல்லை. சாலை நெடுக மரங்கள் விழுந்து கிடந்ததால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதமாகி, முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

எங்கள் பேச்சில் வலது கைக்கு 'சோத்தாங்கை' என்று பெயர். இடது கைக்கு 'பீச்சாங்கை'. ஒன்று சோற்றுக்கு, மற்றது கழுவுவதற்கு. புயல் அப்பாவுக்கு விட்டுவைத்தது பீச்சாங்கையை.

ஆனால் அவர் முடங்கிப்போகவில்லை. பழைய சைக்கிள் டியூபை வளையமாகக் கட்டி, மண்வெட்டிக் காம்பைத் தோளோடு மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கையால் வரப்பு வெட்டப் பழகினார். மறு வருஷம் குறுவைக்குத் தண்ணீர் வந்தபோது வாய்க்காலில் மடை திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பில் இருந்தன. சட்டை போடுவது, சவரம் செய்வது, மாட்டுக்கு முடிச்சுப் போடுவது என்று எல்லாம் திரும்பி வந்தன. பிறர் பார்க்கச் சாப்பிடுவது மட்டும் வரவில்லை.

அதற்கு அடுத்த வைகாசியில் திருவிடைமருதூரில் என் மாமாவுக்குக் கல்யாணம். அப்பா வரமாட்டேன் என்றார். அம்மா விடவில்லை.

"என் தம்பி கல்யாணத்துக்கு நீங்க வரலைன்னா எனக்குத்தான் அசிங்கம். பந்தியில ஒரு ஓரமா உக்காருங்க. புள்ள உங்க பக்கத்துல உக்காந்துக்குவான். யாரு என்ன சொல்லிடப் போறா?"

அப்பா என்னைப் பார்த்தார். "உக்காருவியா?"

"உக்காருறேம்ப்பா" என்றேன்.

சொன்னபடி உட்காரவும் செய்தேன். அவருக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் யாரோ ஒரு பெரியவர். சாம்பார் சாதம் வரைக்கும் அப்பா அழகாகச் சாப்பிட்டார். மூடிய கதவுக்குள் இத்தனை நாள் அவர் பழகிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது. ரசம் வந்ததும்தான் கை தடுமாறியது. ரசம் இலையின் விளிம்புக்கு ஓட, அவர் அவசரமாக உள்ளங்கையை அணைபோல வைத்துத் தடுத்தார். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த என் பெரியம்மா மகன் சேகர் அதைப் பார்த்துவிட்டான்.

"டேய், உங்கப்பாவுக்குத் திங்கிறதும் அதே கை, கழுவுறதும் அதே கையாடா?"

அவன் பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். பந்தியில் மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுவது அவமரியாதை என்று எனக்குத் தெரியும். இருந்தும், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று முணுமுணுத்து எழுந்தேன். போனவன் திரும்பவில்லை, சேகர் நகர்ந்து இடம் கொடுக்க, எதிர் வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். பெற்ற பிள்ளையே எழுந்துவிட்ட பிறகு தனக்கென்ன என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பெரியவரும் இலையை மூடிவிட்டு எழுந்தார். இரண்டு பக்கமும் காலி இலைகள் கிடக்க, அப்பா மோர் சாதம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டு, இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்தார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பாயசம் வாங்கிக்கிட்டியா?"

அதன் பிறகு அவர் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. அறைக்கதவும் திறந்தபாடில்லை. ஆனால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையில் இலை அறுத்துச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கேட்டால், "கோடியக்கரைப் பக்கம் ஒரு ஆளைப் பாக்கணும்" என்பார். நானும் மேலே கேட்கவில்லை.

கல்லூரி விடுமுறையில் வந்திருந்தபோது ஒருநாள், கதவு சாத்துவதற்கு முன்பே என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். "எனக்கு இன்னும் பசிக்கலைப்பா. நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வாய்க்காலுக்குப் போய்விட்டார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். இல்லாததால் கேட்கவில்லை.

அவர் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு, எனக்கு முகம் தெரியாத ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லோருக்கும் வலது கை இல்லை. சிலர் அந்தப் புயலில் இழந்தவர்கள், மற்றவர்கள் பிற்பாடு கதிரடிக்கும் மெஷினில் இழந்தவர்கள். அவர்களில் மூத்தவர் முருகேசன், கோடியக்கரைக்காரர். புயலில் படகு மோதிக் கை போனபோது அவருக்கு இருபது வயது.

"அம்மா ஊட்டிவிட்டாத்தான் திம்பேன். வீட்டை விட்டு வெளிய வரமாட்டேன்" என்றார் முருகேசன். "எப்படியோ கேள்விப்பட்டு உங்கப்பா வந்தாரு. ஒரு புத்தியும் சொல்லல. ரெண்டு இலையப் போட்டு, சோறு போடும்மான்னாரு. ரசம் ஓடுச்சு பாருங்க, 'அட, எனக்கும் இன்னும் புடிபடலடா, நீ அந்தப் பக்கம் மறி, நான் இந்தப் பக்கம் மறிக்கிறேன்'னாரு. கை போனதுக்கு அப்புறம் நான் மொதமொதல்ல சிரிச்சது அன்னைக்குத்தான். பெறகு ஒவ்வொரு வீடா ரெண்டு பேருமே போனோம். ரொம்ப வேடிக்கையான மனுசன், இல்ல தம்பி?"

ஆமாம் என்றேன். அப்பா வேடிக்கையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அவர்கள் வரிசையாக உட்கார்ந்தபோது, "வாங்க தம்பி, நீங்களும் உக்காருங்க" என்று முருகேசன் தன் பக்கத்தில் இலை போடச் சொன்னார். அந்த வரிசையில் வலது கையால் சாப்பிட்டவன் நான் ஒருவன்தான். கடைசிவரை என் பக்கத்திலிருந்து யாரும் எழுந்து போகவில்லை.

இப்போது எனக்கே எழுபது தாண்டிவிட்டது. இன்றைய கல்யாண மண்டபங்களில் பாதிப் பேர் கையில் தட்டோடு நின்றபடி, ஸ்பூனால் சாப்பிடுகிறார்கள். யாருக்கு எது சோத்தாங்கை என்று யாரும் கவனிப்பதில்லை. அப்பா இங்கே வந்திருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அது பொய் என்றும் தெரியும். யாரும் கவனிக்காத இடம் அவருக்கு வீட்டிலேயே இருந்தது. நான் பக்கத்தில் உட்காருவதாகச் சொன்னதால்தான் அவர் அன்று பந்திக்கு வந்தார்.