வண்டுச் சத்தத்தின் கீழே தாராக்கள்

பக்கத்து வளவில் புல்வெட்டும் இயந்திரம் முனகத் தொடங்கினால் போதும், எனக்குள் அந்தக் குளம் வந்து நின்றுவிடுகிறது.

மெல்பனுக்கு மேற்கே, ட்ருகனினாவின் கிடங்குகள் முடிந்து, காய்ந்த புல் தொடங்கி, அந்தப் புல்லும் களைத்துப்போன இடத்தில் ஒரு பண்ணை, அதற்குள் அந்தக் குளம். தாரா என்னும் காட்டு வாத்து வேட்டைக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. துவக்கும் லைசன்சும் மச்சானுடையவை. என் மனைவியின் தம்பி அவன். நான் சாரதி. கூட வந்தவர் கிடங்கில் அவனோடு வேலை செய்யும் நண்பர். வன்னியில் போரின் கடைசிவரை இருந்து, பிறகு படகில் வந்தவர்.

பண்ணைக்காரர் படலையைத் திறந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: பறவைகளைக் கிளப்பினால் இது இனித் திறக்காது. சொல்லிவிட்டுப் போகவுமில்லை, தன் யூட் வண்டியில் சாய்ந்து நின்றார். வேட்டைக்கு இடம் தேடி அலைந்த மச்சானுக்குத் திறந்த ஒரே படலை அது.

குளத்தில் என்ன தாரா நிற்கிறது என்று முன்கூட்டியே பார்க்க மச்சான் ட்ரோன் கொண்டுவந்திருந்தான். அதை ஒழுங்காகத்தான் விடுவான். வேட்டை நாளில் தொடவே மாட்டான். உயரத்தில், கரையோரமாக மட்டும். தாராக்கள் கழுத்தை நிமிர்த்தினால் திருப்பிவிட வேண்டும். அவன் திரையைப் பார்க்க, இன்னொருவர் வானத்தைப் பார்க்க வேண்டும்.

"அண்ணை, உங்களுக்குத்தான் நல்ல கண். அதை விடாமப் பாருங்கோ," என்று மச்சான் நண்பரிடம் சொன்னான்.

"ஓம்."

ட்ரோன் எழுந்தது. ரீங்காரம் தண்ணீரின் மேல் பரவியது. திரையில் கரும்புள்ளிகள் மிதந்தன. அவற்றில் அலகு நீலமான நீலச் சொண்டுத் தாராக்களும் இருக்கலாம், அவற்றைச் சுடக்கூடாது. அதை அறியத்தான் வந்திருந்தோம்.

"கொஞ்சம் கிட்டப் போறன். எங்க நிக்குது, அண்ணை?"

பக்கத்தில் நண்பரைக் காணவில்லை.

திரும்பினேன். நண்பர் ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில், அடிமரத்தோடு ஒட்டி, அசையாமல் நின்றார். மேலே பார்க்கவில்லை. வன்னியில் வேவு விமானத்துக்கு வண்டு என்று பேர். வண்டு சுற்றினால் மரத்தின் கீழ் போய் அசையாமல் நில். பின்னால் ஷெல் வரும். அந்தச் சத்தத்தை நான் தொலைபேசிக்குள் மட்டுமே கேட்டவன். ட்ரோனும் அதே சத்தம்தான் போடும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

திரையில் ஒரு கழுத்து நிமிர்ந்தது. பிறகு ஐந்தாறு. வெயில் கூச்சத்தில் என் கண்ணுக்கு ட்ரோன் அகப்படவில்லை. பண்ணைக்காரர் யூட்டிலிருந்து முதுகை எடுத்தார்.

"இன்னும் துளி இறக்கினா சொண்டு தெரியும்," என்று மச்சான் முணுமுணுத்தான். மரத்தடியை ஒருமுறை பார்த்தான். விரல் தயங்கியது. பிறகு உயர்த்தினான். நேராக மேலே, அங்கிருந்து மெல்ல எங்கள் பக்கம். ஒரு தாராவும் எழும்பவில்லை. பண்ணைக்காரர் மறுபடி சாய்ந்துகொண்டார்.

சத்தம் நின்ற பிறகே நண்பர் வெளியே வந்தார்.

"குறை நினையாதையும் தம்பி. கால் தன்பாட்டில மரத்தடிக்குப் போட்டுது."

"நல்ல ஆளைத்தான் காவலுக்கு விட்டன்," என்று மச்சான் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

எந்தத் தாரா என்று தெரியாமலே திரும்பினோம். நண்பரின் வீட்டு வாசலில் நிறுத்தியபோதுதான் மச்சான் வாயைத் திறந்தான்.

"சனிக்கிழமை பைனாகுலரோட போய்க் குந்தியிருந்து பாப்பம், அண்ணை. நாள் முழுக்க எண்டாலும் பரவாயில்லை. வண்டு வீட்டில கிடக்கட்டும்."

நண்பர் கதவில் கை வைத்தபடி நின்றார்.

"அப்ப எனக்கும் குந்த ஒரு கதிரை ஏத்தும், தம்பி," என்றார். "வாறன்."