நான் பூட்டிய பதினொரு ஹீற்றர்கள்

வாகனத்தைச் சூடாக்க நான் பொருத்திப் பூட்டிய ஹீற்றர் இடையில் நின்றுபோகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் வருவது கோபம். யோசனை அதற்குப் பிறகுதான் வரும். இதை ஒரு குறையாக என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லட்டும். அந்தக் கோபம் இல்லாவிட்டால் நான் இப்போதும் வான்களுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டோ ஏழாம் ஆண்டோ இருக்கும். மொன்றியலின் சென்ட் லோரன்டில், மருந்துக் கம்பனிக் கிடங்குகளுக்குப் பின்னால், சிறிய பட்டறை ஒன்றில் வேலை செய்தேன். சாமான் ஏற்றும் வான்களுக்குள் கட்டில், அடுப்பு, அலுமாரி எல்லாம் வைத்து, ஓடுகிற வீடாக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். குளிர்காலத்தில் எங்களைத் தேடி வருபவர்கள் பனிச்சறுக்குக்காரர்கள். வெள்ளிக்கிழமை மலைக்குப் போய், வாகனத் தரிப்பிடத்திலேயே வானுக்குள் படுத்து, விடிந்ததும் முதல் ஆளாக மலையேறுகிற கூட்டம். மைனஸ் இருபத்தைந்து பாகைக் குளிரில் அப்படிப் படுக்க ஆசைப்படுகிறவர்கள் மீது ஆரம்பத்தில் எனக்குப் பெரிய மரியாதை இருக்கவில்லை. ஊரில் போருக்குள் இடம்பெயர்ந்து தார்ப்பாய்க்குக் கீழே படுத்தவள் நான். நல்ல வீட்டைப் பூட்டிவிட்டு வாகனத்தில் போய்ப் படுப்பவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது.

என்னைத் தையல் மெஷினுக்குத்தான் எடுத்தார்கள். திரைச்சீலை, மெத்தை உறை, இருக்கை உறை. இரண்டு வருடம் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை. துணியைத் தருவார்கள், தைத்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். ஹீற்றர் பூட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் வேலையை விட்டுப் போனார். அவர் விட்டுப்போன புது ஹீற்றர்ப் பெட்டி ஒன்று மேசையில் ஏழு நாள், ஒரு கிழமை முழுக்கக் கிடந்தது. முதலாளி ஒரு கியூபெக்காரர், தச்சுவேலையில் கெட்டிக்காரர், கடதாசி வாசிக்கப் பொறுமை இல்லாதவர். வயரிங் வேலை செய்த அண்ணை யாழ்ப்பாணத்தவர். எழுதியதைப் பார்த்து வேலை செய்வது தனக்கு இழுக்கு என்று நினைப்பவர். நான் அந்தப் பெட்டிக்குள் இருந்த விளக்கப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், பிரெஞ்சு வகுப்பில் தந்த அகராதியோடு நான்கு நாள் இருந்து வாசித்தேன். ஐந்தாம் நாள் வந்து நான் பூட்டுகிறேன் என்றேன். முதலாளி சிரித்தார். அண்ணையும் சிரித்தார். நான் வானுக்குக் கீழே போய்ப் படுத்தேன்.

ஹீற்றர் கடையில் வாங்கும் ஒரு பாண் ரொட்டி அளவுதான் இருக்கும். முன்சீற்றுக்குக் கீழே அதை இருத்தி, வானின் டீசல் டாங்கிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று இழுக்க வேண்டும். சின்னப் பம்ப் ஒன்று டிக் டிக் என்று டீசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். உள்ளே தீப்பிடிக்கும். புகை தரைக்குக் கீழே குழாய் வழியாக வெளியே போகும். விசிறி சூடான காற்றை மட்டும் வானுக்குள் ஊதும். புகைக்குழாய் கசிந்து புகை உள்ளே வந்தால் படுத்திருப்பவர்கள் எழும்ப மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் மூன்று தரம் பார்ப்பேன். அப்படிப் பதினொரு வான்களுக்குப் பூட்டினேன். பதினொன்றும் என் பிள்ளைகள் மாதிரி.

பதினோராவது வான் நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த ஓர் அம்மாவுடையது. ஓய்வுபெற்ற தாதி. பனிச்சறுக்கும் ஒரு கிழட்டு நாயும்தான் அவரின் உலகம். மாசி மாதத்தில் மூன்று கிழமைக்குள் மூன்று தரம் அவர் வானைத் திருப்பிக் கொண்டுவந்தார். ஹீற்றர் ஐந்து நிமிடம் ஓடுகிறது, வெள்ளைப் புகை விடுகிறது, நின்றுபோகிறது. முதல் தரம் பற்றரியைச் சோதித்தேன். நல்ல பலம் இருந்தது. புகைக்குழாய்க்குள் பனி அடைத்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இரண்டாம் தரம் பம்பின் வடிகட்டியைப் புதிதாக மாற்றி, அது தள்ளும் டீசலை ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து அளந்தேன்; சரியாக இருந்தது. பட்டறைக்குள் அது நன்றாகத்தான் ஓடியது. மலைக்குப் போனால் மட்டும் அடம்பிடித்தது.

மூன்றாம் தரம் வந்தபோது, நாயின் தண்ணீர்க் கோப்பை உறைந்துபோனது என்றும், கோட்டோடும் தொப்பியோடும் படுத்தேன் என்றும் அந்த அம்மா சொன்னார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனம் ஆறியிருக்கும்.

அண்ணை முதலாளிக்கு முன்னாலேயே, ஊசி பிடித்த கையிடம் நெருப்பைக் கொடுத்தால் இப்படித்தான் வரும் என்றார். முதலாளி தாடையைச் சொறிந்துகொண்டு தவணை போட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் பிழையைக் கண்டுபிடிக்காவிட்டால் ஹீற்றர் வேலை அண்ணைக்கு. நான் திங்கட்கிழமை முதல் தையல் மெஷினுக்கு. நான் பூட்டியதில் பிழை இல்லை என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன்.  

வியாழக்கிழமை முழுக்க அந்த ஹீற்றரை வெளியே எடுத்து மேசையில் வைத்துக் கழற்றினேன். எரியும் அறைக்குள் கட்டி கட்டியாகக் கரி. புது ஹீற்றருக்குள் மூன்று கிழமையில் அவ்வளவு கரி பிடிக்க நியாயமே இல்லை. சுரண்டித் துடைத்து, தீமூட்டும் கம்பியை மாற்றித் திரும்பப் பூட்டினேன். ஓடியது. ஆனால் கரி ஏன் வந்தது என்று தெரியாமல் ஓடுகிற ஹீற்றர் நாலாம் தரமும் திரும்பி வரும்.

வெள்ளிக்கிழமை காலை அந்த அம்மா வந்ததும் அவரை வானுக்குள் இருத்தி, மலையில் என்னென்ன செய்வீர்களோ அதை அப்படியே எனக்குச் செய்து காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் ஹீற்றரைப் போட்டார். அரை மணி நேரம் இரண்டு பேரும் நாயைப் பற்றிக் கதைத்தோம். பிறகு, இப்போது சறுக்கப் போகிறேன் என்று எழுந்தார். ஹீற்றரின் குமிழைத் திருப்பி நிறுத்தினார். அதே கையால், கதவடியில் அண்ணை பொருத்தியிருந்த சிவப்பு மெயின் சுவிட்சையும் சடக்கென்று திருப்பினார். அதுவரை ஊதிக்கொண்டிருந்த விசிறி அப்படியே அடங்கியது.

"நீங்கள் சொல்லித் தந்தபடிதான் செய்கிறேன், ஒருநாளும் மறந்ததில்லை" என்றார் பெருமையாக.

 ஹீற்றரை நிறுத்தினால் அது உடனே அணைவதில்லை. மிச்ச டீசல் எரிந்து முடிய, விசிறி இன்னும் மூன்று நான்கு நிமிடம் ஊதி அதை ஆறவைக்க வேண்டும். அதற்குள் மின்சாரத்தை வெட்டினால் எரியாத டீசல் உள்ளே நின்று கரியாகும். ஒவ்வொரு தரமும் ஒரு படை. பட்டறைச் சூட்டில் அந்தக் கரியோடும் பிடித்த தீ, மலைக் குளிரில் நிலைக்கவில்லை. பட்டறையில் நான் சோதிக்கும்போது ஹீற்றரை நிறுத்திவிட்டு வேறு வேலை பார்ப்பேன், பின்னேரம் போகும்போதுதான் மெயினைத் திருப்புவேன். அதனால் எனக்குப் பிடிபடவில்லை. புத்தகத்தைப் போய் எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், 'பாவிப்பவருக்கு' என்று, வாங்கி உபயோகிப்பவருக்கான தலைப்பில், விசிறி நிற்கும்வரை மின்சாரத்தை வெட்ட வேண்டாம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கத்தை வாசிக்கவில்லை. பூட்டுகிறவள் நான், பாவிப்பவருக்கு எழுதியதை எனக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். வாசிக்காதவர்கள் என்று மற்றவர்களை நக்கலடித்த நான்.

வானை விட்டு இறங்கும்போது மெயின் சுவிட்சை உடனே அணையுங்கள் என்று சொல்லிக்கொடுக்க நான் யாரிடமும் கற்கவில்லை. மன்னாரில் எங்கள் வீட்டில் கோயிலுக்குப் போனாலும் கலியாணத்துக்குப் போனாலும் கதவைப் பூட்டும் முன் மெயினை அணைப்பது வழக்கம். கை தானாகப் போகும். மொன்றியலில் எங்கள் முதல் நத்தார்ப் பண்டிகைக்கு, ரொக்ஸ்பரோவில் கணவரின் தமக்கை வீட்டில் இரண்டு நாள் நிற்கப் போகும்போது, நானும் அவரும் சேர்ந்து மின்பெட்டியில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் போனோம். இங்கே வீட்டைச் சூடாக்குவதே மின்சாரம். திரும்பி வந்தபோது குசினியில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்திருந்தது. வீட்டுக்காரர் எங்களைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அத்தனை பட்டும் எனக்குப் புத்தி வரவில்லை. அந்தப் பழக்கத்தையே பதினொரு பேருக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அண்ணை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். சிவப்புச் சுவிட்சைப் பொருத்தியவர் அவர். உடனே அணை என்று நான் சொல்லிக்கொடுத்தபோதெல்லாம் பக்கத்தில் நின்று தலையாட்டியவரும் அவர். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, முதன்முறையாக அன்பாகப் பேசினார்.

"டீசல் சரியில்லை எண்டு சொல்லிவிடுங்கோ, தங்கச்சி. இந்த மனிசிக்கு மட்டும் விசிறி நிண்ட பிறகு சுவிட்சைத் திருப்பச் சொல்லுங்கோ. உங்கடை வேலை உங்களிட்டையே இருக்கும்."

"மற்றப் பத்துப் பேர், அண்ணை?"

"அவை வரேக்கை பாப்பம்."

அது பள்ளிக்கூட விடுமுறை வாரம். பத்துப் பேரில் பாதிப்பேராவது பிள்ளைகளோடு மலைகளில் நிற்பார்கள். உண்மையைச் சொல்கிறேன், அண்ணை சொன்னது எனக்கு இனித்தது. ஒரு நிமிடம் முழுதாக இனித்தது. தையல் மெஷினின் சத்தம் காதுக்குள் கேட்டது. பிறகு, என் பிழையைக் காட்டி என்னைப் பயமுறுத்த நான் யாரையும் விடப்போவதில்லை, என்னையும்கூட விடப்போவதில்லை என்று ஒரு வீறாப்பு வந்தது.

முதலாளியையும் அந்த அம்மாவையும் ஒன்றாக நிறுத்தி எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ஹீற்றரில் பிழை இல்லை. பூட்டியதிலும் பிழை இல்லை. பாவிக்கச் சொல்லித் தந்ததுதான் பிழை, அது நான் சொல்லித் தந்தது. அந்த அம்மா, நாலு நிமிடம் காத்திருப்பதில் தனக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று சொல்லி, கை தந்துவிட்டு வானை எடுத்துக்கொண்டு போனார். முதலாளிக்குப் பெரிய நிம்மதி. விஷயம் முடிந்தது, இதைப் பற்றி வெளியே கதைக்க வேண்டாம் என்றார். நான் வாடிக்கையாளர்களின் பெயரும் நம்பரும் இருக்கும் கொப்பியைக் கேட்டேன். அவரின் முகம் மாறியது. பத்துப் பேருக்குப் போன் அடித்து நாங்கள் பிழைவிட்டோம் என்று சொன்னால் பட்டறையின் பெயர் என்னாவது என்று கேட்டார்.

"அந்தப் போனைத் தொட்டால் திங்கட்கிழமை நீ தையல் மெஷினில்தான்."

"திங்கட்கிழமையைத் திங்கட்கிழமை பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே முதல் நம்பரை அழுத்தினேன்.

முதல் ஆள் சிரித்தார், தன்னுடையதும் புகைகிறது என்றார். இரண்டாம் ஆள் திட்டினார்; வாங்கிக்கொண்டேன். மூன்றாம் ஆள் எடுக்கவில்லை. அவரின் செய்தி பதியும் மெஷினில் மெதுவாக இரண்டு தரம் சொல்லி வைத்தேன். முதலாளி மேசைக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றார். கொப்பியைப் பறிக்கவும் இல்லை, போகவும் இல்லை.

ஆறாவது ஆள் ஒரு தகப்பன். மனைவி வேலைக்காக நகரத்தில் நிற்க, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு மலையடிவாரத்தில் நின்றார். நல்ல நேரத்தில் எடுத்தீர்கள், ஹீற்றர் காலையிலிருந்து பிடிக்கவில்லை என்றார். குரல் இழுத்து இழுத்து வந்தது. பரவாயில்லை, சமையல் அடுப்பைப் பற்றவைத்து வானைச் சூடாக்கி வைத்திருக்கிறோம், குளிர் வராமல் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறோம் என்றார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். களைத்துப்போய் நித்திரை, எழுப்பினாலும் எழும்புகிறார்கள் இல்லை, தனக்கும் ஒரே தலையிடி என்றார். அடைத்த வானுக்குள் எரியும் அடுப்பின் நச்சுக்காற்றும், கசிந்த புகை மாதிரியே, படுத்தவர்களை எழும்ப விடாது.

"கதவைத் திறவுங்கோ" என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு பிரெஞ்சில் திரும்பத் திரும்ப, அடுப்பை நிறுத்துங்கள், கதவைத் திறவுங்கள், பிள்ளைகளை வெளியே தூக்குங்கள், உதவிக்கு ஆட்களைக் கூப்பிடுங்கள் என்றேன். போன் எதிலோ விழுந்த சத்தம் கேட்டது. இழுவைக் கதவு திறக்கும் சத்தம். காற்று. அதற்குப் பிறகு நீண்ட நேரம் காற்று மட்டும்தான். யார் யாரோ ஓடிவந்து கதைக்கும் குரல்கள். பிறகு ஒரு பிள்ளை அழுதது. மற்றப் பிள்ளையும் அழும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு போனை வைத்தேன். முதலாளிக்கு விஷயம் விளங்க என் பக்கத்துப் பேச்சே போதுமாக இருந்தது. கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தார். இன்னும் எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர் என்றேன். கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, தன் செல்போனை எடுத்து அடுத்த நம்பரை அழுத்தினார். மறுபக்கம் யாரோ எடுத்தார்கள். போன்ஜூர் சொல்லிவிட்டு, ஹீற்றரில் ஒரு சின்னக் கோளாறு இருக்கலாம் என்று தொடங்கினார்.

நான் மேசையில் தட்டினேன்.

"ஹீற்றரில் கோளாறு இல்லை. நாங்கள் பிழையாகச் சொல்லித் தந்தோம் என்று சொல்லுங்கள்."

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கையை எடுத்து, அதை அப்படியே சொன்னார்.