கோமாரியில் உப்புத் தண்ணீர் குடித்த மோட்டார் சைக்கிள்

கல்முனையிலிருந்து பொத்துவிலுக்கு மோட்டார் சைக்கிளில் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இன்றைய வீதியில் நிதானமாகப் போனால் ஒன்றரை மணித்தியாலம். நான் முதன்முதலாகப் போனபோது ஐந்தே முக்கால் மணித்தியாலம் பிடித்தது. அந்தக் கதையைச் சொல்லிவிட்டு வழிக்குறிப்புகளுக்கு வருகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம், ஓர் ஓகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை. ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் ஊருக்குள் நிறைய வந்திறங்கிய காலம். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு சிறு கழகம் வைத்திருந்தோம். ட்ரையல்ஸ் ஓட்டம்தான் எங்கள் பைத்தியம். அதில் வேகத்துக்கு வேலையில்லை. பாறையிலும் மணலிலும் கொடி நட்டுப் பாதை குறித்திருப்பார்கள். அதற்குள் வண்டியை மெல்ல மெல்லக் கொண்டுபோக வேண்டும். ஒருமுறை கால் ஊன்றினால் ஒரு புள்ளி. வண்டி நின்றாலோ விழுந்தாலோ ஐந்து. குறைந்த புள்ளி எடுத்தவர் வென்றவர். அந்த ஞாயிறு பொத்துவிலை அடுத்த அறுகம்பேயில், கடலோரப் பாறைகளில், மட்டக்களப்பு ஓட்டிகளோடு எங்களுக்குப் போட்டி. நுழைவுக் கட்டணம் பத்து ரூபா.

எனக்குச் சொந்த வண்டி இல்லை. என் மனைவியின் நானா, அதாவது அண்ணன், ரவூப் மச்சானிடம் ஒரு நூறு சி.சி. வண்டி இருந்தது. மருதமுனைக் கைத்தறிச் சாரன்களைப் பின்னால் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போட்டு வருவது அவருடைய தொழில். “பொத்துவில் மட்டும் ஒரு பயணம் போகணும் மச்சான்” என்று கேட்டேன், தந்துவிட்டார். போட்டியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

சுபஹு தொழுதுவிட்டுக் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். கூட வந்தவன் நாசர். வண்டி திருத்துவதில் கெட்டிக்காரன்; எங்கள் கழகத்தில் அவனுக்கு மேல் ஓட்டி கிடையாது. அவன் முன்னால் போக, நான் பின்னால். காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை தாண்டி, பதினாறாவது மைலில் அக்கரைப்பற்று. அங்கே பிளேன்டீயும் ரொட்டியும். பிறகு தம்பிலுவில், திருக்கோவில். அதற்கப்பால் வீதி குண்டும் குழியும்தான். கோமாரிக்கு வரும்போது ஏழரை மணி, முப்பத்தைந்து மைல். போட்டி பத்து மணிக்கு. மீதி பதினொரு மைல்தான். நேரம் கிடந்தது.

நேரம் கிடந்ததுதான் வினை. கோமாரியில் களப்பு கடலோடு சேரும் வாய் மணலால் மூடிக் கிடந்தது. மணல்மேட்டில் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்போம் என்று இறங்கினோம். ஓரிடத்தில் பத்தடி அகலத்துக்குத் தண்ணீர். அடி மணல் தெரிந்தது, முழங்காலளவுதான் என்று நினைத்தேன். “வேணாம்டா” என்று நாசர் கத்தியது காதில் விழுந்தது. விழுந்தும் போனேன். நடுவில் முன்சில்லு புதைந்து வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. எஞ்சின் ஒருமுறை விக்கி நின்றது. கடல் தண்ணீர் இருக்கைக்கு மேலே நின்றது.

கரைக்கு இழுத்தெடுத்தோம். பதறிப்போய் உதைத்துப் பார்க்கப் போன என் காலை நாசர் பிடித்துத் தள்ளினான்.

“உதைச்சியெண்டா உள்ளுக்கு எல்லாம் முறியும். உப்புத் தண்ணி புகுந்திருக்கு. இண்டைக்கே கழுவாட்டி நாளைக்கு இது பழைய இரும்பு.”

எனக்கு ரவூப் மச்சானின் முகம்தான் கண்ணில் வந்தது. திங்கள் காலை அவர் சாரன் கட்டவேண்டிய வண்டி.

“நீ போ நாசர், பத்து மணிக்குப் போட்டி. நான் இதப் பாத்துக்குறன்” என்றேன்.

“என்னத்த பாப்பாய்? பிளக்கக் கழட்டத் தெரியுமா ஒனக்கு?” என்றான். சட்டையைக் கழற்றித் தன் வண்டியில் போட்டான்.

பக்கத்தில் ஒரு மீனவ வீடு. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த தங்கராசா அண்ணனும் அவர் மனைவி பாக்கியமக்காவும் எழுந்து வந்தார்கள். நால்வருமாகத் தூக்கி முற்றத்தில் நிறுத்தினோம். நாசர் பிளக்கைக் கழற்றி, வண்டியைச் சரித்துப் பிடித்துத் தண்ணீரை வடியவிட்டான். எஞ்சின் எண்ணெயைத் திறந்தால் பால் விட்ட தேத்தண்ணி போல வந்தது. கிணற்றடிக்குப் போகத் திரும்பினோம்.

பாக்கியமக்கா மறித்தார். “அதுவும் உவர்தான் மனே. வெளிய கழுவுங்க. உள்ளுக்கு ஊத்தாதீங்க.”

அப்படிச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தார். குடிநீர். அந்தக் கோடையில் ஒரு மைல் நடந்து, விடியுமுன் கியூவில் நின்று எடுத்து வந்தது.

“அக்கா, இது குடிக்கிற தண்ணியெல்லோ” என்றேன்.

“ஓம், குடிக்கிறதுதான். இப்ப வண்டி குடிக்கட்டும். நாங்க பிறகு போய் எடுப்பம்” என்றார். தங்கராசா அண்ணன் தோணி விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய்ப் போத்தலையும் எடுத்துத் தந்தார்.

முதலில் காபரேற்றர், பிறகு காந்தப் பெட்டி, பிறகு பிறேக். ஒவ்வொன்றாகக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து வெயிலில் வைத்தான் நாசர். எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி வடித்தான். தன் வண்டிக்கென்று கொண்டுவந்த ஒரு லீற்றர் எண்ணெயை என் வண்டிக்கு ஊற்றினான். பத்து மணியானபோது அவன் மணிக்கூட்டைப் பார்க்கவேயில்லை. நான் பார்த்தேன். பத்து நாற்பதுக்குப் பதினேழாவது உதையில் வண்டி இருமிக்கொண்டு உயிர் பெற்றது. பாக்கியமக்கா கையைத் தட்டிச் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சமாளித்தேன்.

பதினொன்றேகாலுக்கு அறுகம்பே. பிந்தி வருபவர்கள் கடைசியில் ஓட்டலாம், ஆனால் பாதையை முன்கூட்டி நடந்து பார்க்க நேரமில்லை என்றார்கள். நாசர் சரி என்றான். நான் என் பெயரை வெட்டச் சொன்னேன். ஒரே நாளில் அந்த வண்டியை இரண்டாம் முறை அபாயத்தில் வைக்க மனம் வரவில்லை.

மொத்தம் ஆறு பாதை. நாலாவதில் புள்ளி எழுதிக்கொண்டிருந்தவர் தானும் ஓட்டவேண்டியவர். அட்டையையும் பென்சிலையும் என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். அதுதான் மோசமான பாதை: இரண்டு பாறைகளுக்கு இடையில் ஏறி, மேலே ஒரு முழ அகலத்தில் திருப்பம், பிறகு மணலில் இறக்கம். ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். மட்டக்களப்பு ஓட்டி ஒருவர் ஆறு பாதையையும் நாலு புள்ளியோடு முடித்திருந்தார்.

கடைசியாக நாசர் வந்தான். விரல் முட்டி கிழிந்து, கை முழுக்க மண்ணெண்ணெய் நாற்றம். முதல் மூன்று பாதையில் அவனுக்கு இரண்டே புள்ளி. ஏற்றத்தை அழகாக எடுத்தான். திருப்பத்தில் வண்டி ஒரு கணம் தயங்க, இடது சப்பாத்தின் நுனி பாறையைத் தொட்டு மீண்டது. கண் மூடித் திறக்கும் நேரம். எங்கள் கழகக்காரர் எல்லாரும் மற்றப் பக்கம் நின்றார்கள். அவர்களுக்குத் தெரிய வழியில்லை. அவன் இறங்கி முடித்ததும் கூக்குரல் எழும்பியது. ஒரு புள்ளியும் இல்லை என்ற அர்த்தத்தில் “சுத்தம், சுத்தம்” என்று கத்தினார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். என் மச்சானுடைய வண்டிக்காகக் காலை முழுவதையும் தந்தவன். பென்சில் அட்டையில் நின்றது. பிறகு ஒரு விரலை உயர்த்திக் காட்டினேன்.

அவன் முகம் மாறியது. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஐந்தாவது பாதைக்குப் போனான். மீதி இரண்டில் இன்னும் இரண்டு. ஆக ஐந்து. மட்டக்களப்புக்காரர் ஒரு புள்ளியால் வென்றார்.

லுஹர் தொழுதோம், சோறு தின்றோம். நாசர் எல்லாரோடும் கதைத்தான், என்னோடு மட்டும் இல்லை. மூன்றரைக்குத் திரும்பினோம். கோமாரியில் இறங்கி, நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே என்று விசாரித்து, இரண்டு வண்டியிலும் கட்டி நாலு குடம் கொண்டுவந்து கொடுத்தோம். பாக்கியமக்கா வேண்டாம் வேண்டாம் என்றார். பிறகு பொரித்த மீனும் தேத்தண்ணியும் தந்தார்.

புறப்படும்போதுதான் நாசர் வாய் திறந்தான்.

“எந்தக் கால்?”

“இடது.”

“எனக்குத் தெரியல்ல. மெய்யா பட்டதா?”

“பட்டது.”

குனிந்து தன் இடது சப்பாத்தைப் பார்த்தான். “அப்ப சரி” என்றான். திருக்கோவில் தாண்டுமுன் பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டான்.

ரவூப் மச்சானிடம் அன்றைக்கே எல்லாவற்றையும் சொன்னேன். போட்டியை மறைத்து வாங்கியதையும் சேர்த்துத்தான். ஒரு கிழமை அவர் என்னோடு கதைக்கவில்லை. வண்டி மட்டும் திங்கட்கிழமை சாரன் சுமந்துகொண்டு போனது. ஐந்து மாதம் கழித்து அடுத்த போட்டி வந்தபோது அவராகவே வந்து, “நாசரையும் கூட்டிட்டுப் போறயெண்டா எடு” என்றார். அதைவிடப் பெரிய மன்னிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

இனி, போக நினைப்பவர்களுக்கு. கல்முனை–பொத்துவில் ஏறத்தாழ எழுபது கிலோமீற்றர், அறுகம்பேக்கு இன்னும் மூன்று. வீதி இப்போது நன்றாக இருக்கிறது. அக்கரைப்பற்றில் பெற்றோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு பிளக், ஒரு கிளச் கம்பி, ஒரு லீற்றர் எஞ்சின் எண்ணெய் கையில் இருக்கட்டும். களப்பின் வாயில் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் முதலில் காலால் இறங்கிப் பாருங்கள். வண்டி உப்பு நீரில் விழுந்தால் உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றுங்கள், சரித்து வடியவிடுங்கள், எண்ணெயை மாற்றுங்கள், நல்ல தண்ணீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். ஓகஸ்டில் அந்தக் கரையில் ஒரு குடம் தண்ணீரின் பெறுமதி என்னவென்று தெரிந்துகொண்டு கேளுங்கள். தந்தால், திரும்பும் வழியில் நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.